கராஜ் நூலகமும் மாமனாரின் கோபமும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். இனவெறி பற்றிய புத்தகங்களை மட்டும் கராஜில் வைத்து, அக்கம்பக்கத்தாருக்கு இரவல் தர ஆசை. ஆப்பிரிக்கர்கள் வாழும் உம்லாசியிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் அம்மா, “நானும் எடுக்கலாமா?” என்றார். மாமனாரோ, “1949 கதையெல்லாம் எதற்கு? ஆறின புண்ணைக் கீறாதே” என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஆறியிருந்தால் அவருக்கு ஏன் இத்தனை கோபம்? 1949இல் சின்னப் பையனாக இருந்திருப்பார். பயந்துபோயிருப்பார். அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

ஆனால் நம் வீடுகளில் அந்தக் கதையில் பாதிதான் சொல்கிறார்கள். அந்த ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களைத் தாக்கிய கலவரத்தில் இறந்தவர்கள், அரசுக் கணக்குப்படி 142 பேர். அவர்களில் இந்தியர் 50, ஆப்பிரிக்கர் 87. எரிந்த கடைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த 87 தெரியவே பல வருஷம் ஆனது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் நம்மவர் நிலத்தில் ஆப்பிரிக்கர்கள் குடிசை போட்டு வாடகை கொடுத்தார்கள். சொந்தமாக நிலம் வாங்கச் சட்டம் அவர்களை விடவில்லை. கொலைக்கு இது நியாயம் ஆகாது, சரி. ஆனால் இது தெரியாமல் அந்தக் கோபம் புரியாது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 1947இல், இந்தியர் தலைவர்கள் நாயக்கர், தாதூ, ஆப்பிரிக்கர் தலைவர் சூமா என்ற மூன்று டாக்டர்கள் சேர்ந்து போராடுவதாக ஒப்பந்தம் போட்டார்கள். கலவரம், ஒப்பந்தம் இரண்டையும் பற்றிய புத்தகங்களை அலமாரியில் ஒரே தட்டில் வையுங்கள். பின்னால், இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி கேட்டோ மேனரையே காலி செய்தார்கள். அங்கிருந்து நம்மவர் பலர் சாட்ஸ்வர்த்துக்கு, ஆப்பிரிக்கர்கள் குவாமாஷுவுக்கு. உங்கள் கராஜ் இருக்கும் இடமே அப்படி வந்ததுதான்.

அப்புறம் புத்தகங்கள். காந்தியை 1893இல் ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதையை ஆளுக்கொரு பிரதி கொண்டுவருவார்கள். இரண்டு போதும், மற்றதை அன்போடு திருப்பிக் கொடுங்கள். டர்பனில் மருத்துவம் படித்த, கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிக்கோவின் எழுத்து கட்டாயம் வேண்டும். இந்தியரையும் சேர்த்துத்தான் ‘கறுப்பர்’ என்றார் அவர். நம் கல்யாணப் பேச்சுகளில் நிறம் படும் பாட்டை நினைத்தால், அதை முதலில் படிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஒரு நோட்டு போதும். பெயர், தேதி, ஒரு மாத தவணை. அபராதம் வேண்டாம், தாமதமானால் அதற்குப் பயந்தே புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். வீடு காலி செய்யச் சொல்லி வந்த பழைய கடிதங்களை யாராவது தந்தால் நகல் எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பிவிடுங்கள்.

மாமனாரைப் படிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நோட்டை அவரிடம் கொடுத்து வாசலில் உட்காரச் சொல்லுங்கள். முதல் பெயர் உம்லாசி அம்மாவுடையதாக இருக்கட்டும். ஜூலு மொழியில் என்னென்ன வாங்கலாம் என்று அவரைக் கேட்ட பிறகே கடைக்குப் போங்கள்.