மொட்டைமாடிக் கரி யாருடையது?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். தினமும் காலையில் மொட்டைமாடி கரியாகக் கிடக்கிறது. அம்மாவுக்கு வீசிங். எந்தக் கம்பெனிப் புகை என்று கண்டுபிடித்து ரிப்போர்ட் தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு நாள் மெஷின் வைத்தால் எவ்வளவு தூசி என்று தெரியும், யாருடைய தூசி என்று தெரியாது. அதற்குத் தூசியை ரசாயன முறையில் பிரித்து, பருவத்துக்குப் பருவம் ஒப்பிட வேண்டும். சென்னை, டெல்லி உட்பட 6 நகரங்களில் அரசு நடத்திய அந்த ஆய்வுக்கே பல ஆண்டுகள் பிடித்தன. இவர் ஒரே வாரத்தில் முத்திரை போட்டுத் தருகிறாராம்! பரிசோதனைக்கூடங்களுக்குத் தரும் என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார்.

ஒரு நோட்டு போதும். நேரம், நாற்றம், கொடித்துணி ஆடும் பக்கம், மூன்றையும் இரண்டு வாரம் எழுதுங்கள். இரவில் மேற்கிலிருந்து நிலக்காற்று வரும்போது கரி சேர்ந்தால் மணலி ஆலைகள் பக்கம் பாருங்கள். மதியம் கடல்காற்றிலும் சேர்ந்தால், உங்களுக்குக் கிழக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். கரியை வெள்ளைத்தாளில் விரலால் தேயுங்கள். மை போல இழுபட்டால் டீசல், எண்ணெய்ப் புகை. சாம்பல் நிறத்தில் நறநறத்தால் நிலக்கரிச் சாம்பலாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டினால் பக்கத்தில் இரும்பு ராவும் பட்டறை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் காற்றே அசையாத மார்கழி, தை விடியற்காலைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அப்போது புகை மேலே போகாமல் தரையோடு படுத்துவிடும். தெருவில் எரித்த குப்பை, அடுத்த ஏரியா ஜெனரேட்டர் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். போகி அன்று டயர் எரிந்த கரியைக் காட்டி ஆலையைக் குற்றம் சொன்னால், உங்கள் மற்ற நியாயமான புகார்களும் அடிபட்டுப் போகும்.

மணலியில் காற்றை அளக்கும் நிலையத்தின் காற்றுத் தரக் குறியீடு ‘திருப்தி’ என்று காட்டினாலும் நம்பி உட்காராதீர்கள். அது 24 மணி நேரச் சராசரி. இரவு 2 மணிக்கு விட்ட புகை அதில் கரைந்துவிடும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அந்தக் குறியீட்டிலேயே கிடையாது.

ஒரு குடியிருப்புக்காக நானே புகார் கொடுத்திருக்கிறேன். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. கடைசியில் ஆள் வந்தது 11 நாள் கழித்து, நட்டநடுப்பகலில். அதற்குள் மழை மாடியைக் கழுவிவிட்டது. அதனால் கரியை அன்றன்றைக்கே காகித உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். புகார் எண் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்.