பித்தப்பை எடுத்தபின் தேங்காய்ப்பால் ஆகுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்து இரண்டு மாதம். மதியம் சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் மலசலகூடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறதாம். மட்டக்களப்புக்கு பஸ் ஏறவே பயம். மாமியார் சொன்னபடி தேங்காயை அடியோடு நிறுத்தி, கஞ்சியும் அவித்த மரக்கறியுமாக இருந்திருக்கிறார். நடுவில் ஒரு கலியாண வீட்டில் புரியாணி சாப்பிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டார். “இனி வாழ்நாள் முழுக்கத் தேங்காய்ப்பாலும் கட்டித் தயிரும் இல்லையா?” என்று கேட்கிறார்.

அப்படியொன்றும் இல்லை. ஒரு வேளையில் எவ்வளவு கொழுப்பு உள்ளே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பித்தத்தைச் சுரப்பது ஈரல், நாளுக்கு அரை லீட்டர் முதல் ஒரு லீட்டர் வரை. பித்தப்பை அதைச் சேர்த்து வைத்துக் கெட்டியாக்கி, கொழுப்புச் சாப்பாடு வரும்போது பிழிந்துவிடும். பை போனபின் பித்தம் சொட்டுச் சொட்டாகக் குடலில் இறங்கிக்கொண்டே இருக்கும். சின்னச் சாப்பாட்டுக்கு அது போதும், புரியாணிக்குப் போதாது. மிஞ்சிய பித்த அமிலம் பெருங்குடலுக்குப் போனால் அங்கே தண்ணீரைச் சுரக்க வைக்கும். உங்கள் ஓட்டத்துக்கு அநேகமாக அதுதான் காரணம். பலருக்குச் சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ இது தானாகக் குறைந்துவிடும்.

சரி, அடுப்படிக்கு வருவோம். தேங்காயின் கொழுப்பில் பெரும்பங்கு முதற்பாலில்தான் வருகிறது. அதை வீட்டில் மற்றவர்களுக்கு விடுங்கள். உங்களுக்கு இரண்டாம் பாலில் சொதி வையுங்கள். மீனைப் புளியாணமாக வைத்தால் பாலே தேவையில்லை. இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிய நேரத்தில் சம்பலையும் முட்டைப் பொரியலையும் கூட்டாதீர்கள், ஒன்றை இரவுக்கு வையுங்கள். மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்து சின்னதாகப் பிரியுங்கள். காலையில் வெறும் வயிற்றில் பால்மாத் தேத்தண்ணி குடித்தால் சிலருக்கு அவதி கூடும். இரவு முழுக்கப் பித்தம் குடலில் இறங்கியிருக்க, மேலே கொழுப்பும் தேயிலையும் போய்ச் சேர்கின்றன. முதலில் இரண்டு வாய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பிளேன்டீயாகக் குடியுங்கள்.

கஞ்சியை மட்டும் நம்பி இருப்பதை நான் ஏற்கமாட்டேன். ஏ, டி, ஈ, கே விற்றமின்கள் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கீரையை ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் ஒன்றும் ஆகிவிடாது. வாழைப்பழம், கரட், வெண்டிக்காய், ஓட்ஸ் போன்றவற்றின் கரையும் நார் மலத்தைக் கட்டும், ஆனால் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்; ஒரே நாளில் அள்ளிச் சாப்பிட்டால் வயிறு ஊதும்.

நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவரா நீங்கள்? கடிதத்தில் சொல்லவில்லை. அந்த மாத்திரையும் வயிற்றோட்டம் தரும். பழி மட்டும் பித்தப்பைக்குப் போய்விடும். கிளினிக்கில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இன்னும் இரண்டு மாதத்திலும் ஓட்டம் நிற்காவிட்டால், பித்த அமிலத்தைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமீன் தூளை வைத்தியர் எழுதக்கூடும். தைரொயிட்டுக்கு எடுக்கும் தைரொக்சின் போன்ற மற்ற மருந்துகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்னரோ நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்னரோதான் எடுக்க வேண்டும்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் சாயத் தேத்தண்ணி நிறமாவது, மலம் வெளிறுவது, நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவின் கீழ் மணிக்கணக்கில் வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, இரவில் தூக்கம் கலைந்து மலசலகூடத்துக்குப் போக வேண்டியிருந்தாலோ, நிறை இறங்கிக்கொண்டே போனாலோ அதுவும் வைத்தியர் பார்க்க வேண்டியதுதான்.

தயிருக்கு வருகிறேன். கட்டித் தயிர் எருமைப் பாலில் போடுவது; அதில் கொழுப்பு பசுப்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு கட்டித் தயிர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறைச்சி, பொரியல் இல்லாத ஒரு நாளில், மதியச் சோற்றுக்குப் பின் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துப் பாருங்கள். வயிறு சும்மா இருந்தால் மூன்று நாள் கழித்து மறுபடி. கிண்ணத்தில் எடுத்ததும் சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுங்கள், பக்கத்தில் இருந்தால் கை சும்மா இராது.