சீனத் தேநீர் என்றாலே கிரீன் டீ தானா? வகைகளுக்குள் என்ன வித்தியாசம்?

கசந்துபோன ஒரு கிரீன் டீயைக் குடித்துவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

நான்கு வருடம் தென் சீனாவின் குவாங்சோ நகரில் வேலை பார்த்தேன். ஹாங்சோவிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் லுங்ஜிங் என்ற கிரீன் டீ டப்பா ஒன்று கொடுத்தார். நம் வழக்கப்படி கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். வேப்பிலைக் கஷாயம்தான். பாதியைக் குப்பையில் கொட்டிவிட்டேன். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த தளிர் அது. லுங்ஜிங்கில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். அலுவலகத்து அக்கா ஒருவர் மீதியை வாங்கி, கொதித்த நீரை 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, மூடாத கண்ணாடி டம்ளரில் போட்டுத் தந்தார். வறுத்த பயறு வாசனை, தொண்டையில் மெல்லிய இனிப்பு. அதே இலைதான்!

எல்லாமே ஒரே இனச் செடி. பறித்த பிறகு செய்வதில்தான் வித்தியாசம். லுங்ஜிங்கைச் சற்று வாடவிட்டு, சூடான வாணலியில் கையால் அழுத்தி வறுப்பார்கள், பச்சை மாறாது. ஃபூஜியன் மாகாணத்தின் வெள்ளைத் தேநீரை வாடவைத்துக் காயவைப்பதோடு சரி. ஊலாங்குக்கு இலையைக் குலுக்கி, ஓரம் கன்றிச் சிவந்ததும் பாதியில் நிறுத்துவார்கள். அன்ஷி ஊர் தியேகுவான்யின் அந்த வகை. முழுக்கக் கறுக்கவிட்டால் நம் கடை டீத்தூள் வகை. சீனர்களுக்கு அது ‘ஹோங்சா’, சிவப்புத் தேநீர். யுன்னான் மாகாணத்தின் புவார் வில்லையாக அழுத்தி வருடக்கணக்கில் வைப்பது. இலையைக் குவித்து நனைத்துச் சில வாரங்களிலேயே புளிக்கவைக்கும் முறை 1973இல் குன்மிங்கில் வந்தது. மழை நனைத்த மண் வாசனை அதற்கு.

நான் நிபுணன் இல்லை. புவாரிலேயே எத்தனையோ உண்டு என்று திருத்த வருபவர்கள் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் கேட்டவர் புதியவர் என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று. ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்டது, “பாம்பு சாப்பிட்டியா?” குவாங்சோவில் ஞாயிறு காலையில் தாத்தா முதல் பேரன் வரை ஒரே மேசையில் தேநீரும் ஆவியில் வெந்த பலகாரமுமாக உட்கார்ந்திருப்பார்கள்; தேநீர் ஊற்றுபவருக்கு நன்றியாக மேசையில் இரு விரலால் தட்டுவார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தால் யாரும் காது கொடுப்பதில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

சரி, நீங்கள் முதலில் தியேகுவான்யின் வாங்குங்கள். கொதிநீரைத் தாங்கும், ஒரே இலையில் ஐந்தாறு தடவை ஊற்றலாம். பால் மட்டும் வேண்டாம்.