ஊக்கு துளைத்த பச்சைச் சேலை: நூலைக் கடையில் தேடாதீர்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "இயற்கைச் சாயம் போட்ட கைத்தறிப் பருத்திச் சேலை, அடர் பச்சை. தோளில் ஊக்கு குத்துகிற இடத்தில் துவரம்பருப்பு அளவு ஓட்டை, சுற்றிலும் கறுப்பு வளையம். ஒட்டுப் பூ ஒன்றை வைத்து அயர்ன் பண்ணித் தருகிறேன் என்கிறார் தையல்காரர். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். பசை காய்ந்து விறைத்தபின் துணி அதன் ஓரத்திலேயே மடங்கி மடங்கி அறும். அடுத்த வருடம் பூவைச் சுற்றியே கிழிசல் வரும்.

அந்தக் கறுப்பு வளையம் அழுக்கில்லை. இயற்கைச் சாயத்தில் பச்சை என்றால் பெரும்பாலும் மாதுளைத் தோல், கடுக்காய் போன்றவற்றின் மஞ்சளும் அவுரி நீலமும் சேர்ந்ததுதான். மாதுளைத் தோலிலும் கடுக்காயிலும் துவர்ப்பு அதிகம். துருப்பிடித்த ஊக்கின் இரும்பு அதோடு சேர்ந்ததும் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் கலந்து எழுதும் மை காய்ச்சியதும் இதே கணக்கில்தான். எலுமிச்சை தேய்த்தால் கறை போகலாம், கூடவே சாயமும் போய்விடும். அதனால் கறையை விட்டுவிடுங்கள்.

துரு நூலையும் அரிக்கும். ஆகவே ஊசி எடுக்குமுன் ஓட்டைக்கு இருபுறமும் துணியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். சர்ரென்று விட்டுக்கொடுத்தால் இழை இற்றுவிட்டது என்று அர்த்தம். அடியில் மெல்லிய பழைய வேட்டித் துண்டு ஒன்றை வைத்துத்தான் தைக்க வேண்டும். தாங்கினால் டார்னிங் போதும், அதாவது ஓட்டையை ஊசி நூலால் நெய்து அடைப்பது. ஓட்டையின் ஓரத்துப் பிசிறுகளை மட்டும் கத்தரிக்காதீர்கள். தையலுக்குப் பிடிமானம் அவைதான்.

இனி நூல். தருமபுரிக் கடைத்தெரு முழுக்க அலைந்தாலும் இந்தப் பச்சை கிடைக்காது. வெயில் பட்டால் மஞ்சள் முதலில் வெளுக்கும், நீலம் நிற்கும். உங்கள் சேலையின் தோள் பக்கம் இப்போது கொஞ்சம் நீலம் ஓடியிருக்கும். ஃபால்ஸுக்கு அடியில் மறைந்திருந்த நூலோ, தைக்காமல் வைத்த ரவிக்கைத் துண்டின் நூலோ அங்கே பளிச்சென்று தனியாகத் தெரியும். முந்தானை ஓரம் தோளைப் போலவே வெயில் பார்த்தது. அங்கே குஞ்சத்தில் தொங்குவது பாவு நூல், சேலையின் நீளவாக்கில் ஓடுவது. விளிம்பில் இழுத்தால் உருவிக்கொண்டு வருவது ஊடை, குறுக்கே ஓடுவது. இரண்டிலும் நாலைந்து இழை எடுத்தால் போதும்.

மெல்லிய ஊசியில் ஒற்றை இழை கோத்து, முடிச்சுப் போடாமல், உள்பக்கத்திலிருந்து தையுங்கள். ஓட்டைக்கு அரை அங்குலம் தள்ளி நல்ல துணியில் தொடங்கி, பாவு ஓடும் திசையில் நெருக்கமாக ஓட்டி, ஓட்டையைத் தாண்டி மறுபக்கமும் அரை அங்குலம் போங்கள். திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் இழையை இழுத்து இறுக்காமல் கடுகளவு கண்ணி விடுங்கள். துவைத்ததும் நூல் சுருங்கும், கண்ணி இல்லாவிட்டால் துணி கொசுவிக்கொள்ளும். பிறகு குறுக்கே, ஒரு பாவின் மேல், அடுத்ததன் கீழ் என்று ஊடையை நுழையுங்கள். அடுத்த வரி இதற்கு மாற்றி. தறியில் நடப்பதும் இதுதான், அங்கே ஊடையைக் கொண்டுபோகும் நாடாவின் வேலையை இங்கே ஊசி செய்கிறது. மிஷினில் முன்னும் பின்னும் ஓட்டித் தருவதையும் டார்னிங் என்பார்கள். அது ஜீன்ஸ் பேன்ட்டுக்குச் சரி, இந்தச் சேலைக்கு ஆகாது.

கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய ஓட்டையென்றால் மறைக்கப் பார்ப்பதில் பயனில்லை. நம் மாவட்டத்திலேயே, அரூர் பக்கம் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் போடும் எம்பிராய்டரி மாதிரி ஒன்றைத் துணிந்து மேலே போட்டுவிடலாம். ஒட்டுப் பூவைவிட ஆயிரம் மடங்கு அழகு.

துவைக்க போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் பிடித்துவைத்து அதில் பூந்திக்கொட்டை போட்டு அலசுங்கள், நிழலில் காயட்டும். கஞ்சி போட்டபடி பீரோவில் அடுக்கினால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. ஊக்கு இனி துருப்பிடிக்காத ஸ்டீலில் வாங்குங்கள், கழற்றாமல் சேலையோடு மடித்து வைக்காதீர்கள்.