பாட்டி படம் பெரிதானதும் கலங்கியது ஏன்?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். அப்பா எடுத்த பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம், 35 மி.மீ. நெகட்டிவாக இருக்கிறது. லேபில் ஸ்கேன் செய்து 20×30 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். முகம் கலங்கலாக இருக்கிறது. ஃபைல் 1800×1200 பிக்சல். நெகட்டிவே அப்படித்தானா?

பதில்: நெகட்டிவைச் சந்தேகிக்க இன்னும் காரணமே இல்லை. அது 4×6 பிரிண்டுக்கான ஸ்கேன். 30 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 60 பிக்சல்தான் மிஞ்சும். எந்த முகமும் கலங்கத்தான் செய்யும்.

முதலில் நெகட்டிவைப் பார்த்துவிடுங்கள். போன் திரையை வெள்ளையாக்கி, அதற்கு இரண்டு அங்குலம் மேலே நெகட்டிவைப் பிடியுங்கள். அப்பாவின் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, பூதக்கண்ணாடியாக வைத்துக்கொள்ளலாம். பாட்டியின் மூக்குத்தி, புருவமுடி, புடவைக் கரை தனித்தனியாகத் தெரிகிறதா? தெரிந்தால் பெரிய பிரிண்டுக்குத் துணிந்து செலவு செய்யலாம். எடுக்கும்போதே கை ஆடியிருந்தால், 8×10-உடன் நிறுத்திக்கொள்வதே நல்லது.

அடுத்து, அந்த ஒரு ஃபிரேமை மட்டும் ஃபிலிம் ஸ்கேனரில் 4000 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி), 16 பிட் டிஃப் (நுணுக்கம் குறையாத வகை) ஃபைலாகக் கேளுங்கள். நீளவாக்கில் சுமார் 5,600 பிக்சல் வரும். 30 அங்குலத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 187. ஐந்தடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு அது தாராளம். மேசை ஸ்கேனர் பெட்டியில் 6400 என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் பாதிகூட வராது.

ஃபைல் வந்ததும் 100 சதவீதத்தில் திறந்து கிரெயினை, அதாவது ஃபிலிமின் பொடிப் புள்ளிகளை, பாருங்கள். முகம் மென்மையாக இருந்து கிரெயின் மட்டும் கூர்மையாகத் தெரிந்தால், ஸ்கேன் சரி, குறை படம் எடுத்தபோது நேர்ந்தது. கிரெயினே மங்கலாக இருந்தால் ஸ்கேனரின் ஃபோகஸ் தவறியிருக்கிறது. நடுவில் கூர்மை, மூலைகளில் மங்கல் என்றால் பெரும்பாலும் ஃபிலிம் வளைந்திருக்கிறது. பழைய நெகட்டிவில் இது சாதாரணம். மறுபடி செய்து தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

தானாகத் தூசி நீக்கும் இன்ஃப்ராரெட் (அகச்சிவப்புக் கதிர்) வசதியை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருக்கும் வெள்ளி அந்தக் கதிரை மறிக்கும். மெஷின் படத்தையே தூசியென்று எடுத்துக்கொள்ளும். தூசியை புளோயரால் ஊதினால் போதும். மும்பை மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் படவே கூடாது, எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் பூச்சு) கரைந்துவிடும்.

ஷார்ப்பனிங் (கூர்மையேற்றுவது) ஸ்கேனிலேயே வேண்டாம், பிரிண்ட் அளவு முடிவான பிறகு கடைசியாக. முழுதாக அடிக்குமுன், கண்ணும் மூக்கும் வரும் பகுதியை மட்டும் அதே பெருக்கத்தில் 8×10 தாளில் அடித்து வாங்குங்கள். மாட்டப்போகும் சுவரில் ஒட்டி, இரவு விளக்கிலும் பாருங்கள். விளக்கு எதிரொளித்தால் பளபளப்பில்லாத மேட் தாளுக்கு மாறுங்கள்.