மேப்பா, டிபிஎஸ்ஸா? மாற்றியமைத்த எஞ்சினுக்கு லோட் சென்சார்: கேள்வி பதில்

டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றிவிட்டு புரோகிராம் செய்யக்கூடிய இக்னிஷனுக்கு மாறுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. லோட் சென்சார், டைமிங் இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். லோட் என்பது எஞ்சின் அந்த நேரத்தில் சுமக்கும் பளு. மேப் சென்சார் அதை மேனிஃபோல்டின் (எஞ்சினுக்குள் கலவை போகும் குழாய்) அழுத்தத்தை வைத்துச் சொல்லும், டிபிஎஸ் (த்ராட்டில் பொசிஷன் சென்சார்) த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்துச் சொல்லும்.

கேள்வி: பெரிய கேம் (வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்ட்) போட்ட எஞ்சின், ஒரே கார்புரேட்டர். மேப் சென்சாரா, த்ராட்டில் பொசிஷன் சென்சாரா?

முதலில், லோட் எதற்குத் தேவை என்று பார்ப்போம். லேசான த்ராட்டிலில் சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அதோடு கலந்திருக்கும் பழைய புகையின் பங்கு அதிகம். அது மெதுவாகத்தான் எரியும், அதனால் முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். எத்தனை டிகிரி முன்கூட்டி என்பதுதான் அட்வான்ஸ். முழு த்ராட்டிலில் கலவை அடர்த்தியாக இருந்து வேகமாக எரிகிறது. அதே அட்வான்ஸை அங்கேயும் கொடுத்தால் நாக்கிங், அதாவது கலவை தானாகவே வெடித்துத் தட்டும். சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள பழைய எஞ்சின்கள் பலவும் 3000 ஆர்பிஎம்மில் லேசான ஓட்டத்துக்கு 40 டிகிரி வரை கேட்கும். முழு லோடில் 30-ஐ ஒட்டியே நிறுத்த வேண்டியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ட்ரோலருக்குச் சொல்வதுதான் லோட் சென்சாரின் வேலை.

எதையும் வாங்குவதற்கு முன் மேனிஃபோல்டில் ஒரு வேக்கம் கேஜ் மாட்டி, எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் முள்ளைப் பாருங்கள். மாற்றம் செய்யாத எஞ்சினில் அப்சல்யூட் கணக்கில் (முழு வெற்றிடம் 0, வெளிக்காற்று சுமார் 100) 30 முதல் 40 கிலோபாஸ்கல் வாக்கில் முள் அசையாமல் நிற்கும். ஓவர்லேப் (இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேமில் 60-க்கு மேலே ஏறி, முள் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். ஐடிலில் மட்டும் அடித்து, 2000 ஆர்பிஎம் தாண்டியதும் அடங்கிவிட்டால் மேப் போதும். மேனிஃபோல்டிலிருந்து சென்சாருக்கு வரும் ஹோஸுக்குள் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைத்து, டைமிங் டேபிளில் (ஆர்பிஎம், லோட் வாரியாக அட்வான்ஸ் எழுதிய அட்டவணை) ஐடில் பகுதியின் கட்டங்களில் எல்லாம் ஒரே டைமிங் போட்டுவிடுங்கள். சென்சார் ஆடினாலும் டைமிங் ஆடாது. வேகம் ஏறியும் முள் அடங்கவில்லை என்றால் டிபிஎஸ்.

கேள்வி: ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பட்டர்ஃப்ளை (த்ராட்டில் தகடு). எது சரி?

டிபிஎஸ். தனித்தனி ரன்னரில் (ஒரு சிலிண்டருக்குப் போகும் குழாய்) அந்தந்தச் சிலிண்டர் இழுக்கும்போது மட்டும் அழுத்தம் சரிந்து, உடனே மேலே வந்துவிடும். த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்ததுமே வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கிவிடுவதால், அதற்குமேல் மேப்புக்கு வித்தியாசம் தெரியாது.

டேபிளில் லோட் வரிசையை 0, 10, 20 என்று சம இடைவெளியில் போடாதீர்கள். 2000 ஆர்பிஎம்மில் 20 சதவீதம் திறந்தாலே எஞ்சின் கிட்டத்தட்ட முழு லோடுக்கு வந்துவிடும், 6000-த்தில் அதே 20 சதவீதம் பாதி லோடுகூட இராது. அதனால் 0, 3, 6, 10, 15, 22, 35, 60, 100 என்று கீழ்ப்பக்கம் நெருக்கமாகப் போடுங்கள்.

கேள்வி: டர்போ பொருத்தப் போகிறேன். ஏற்கெனவே டிபிஎஸ் இருக்கிறது, அதுவே போதுமா?

போதாது. ஒரே த்ராட்டில் திறப்பில் பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் அழுத்தம்) இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், டிபிஎஸ்ஸுக்கு அது தெரியவே தெரியாது. மேப் கட்டாயம். 1 பார் பூஸ்ட் என்றால் அப்சல்யூட்டில் சுமார் 200 கிலோபாஸ்கல், எனவே 250 வரை அளக்கும் சென்சார் எடுங்கள். எம்பிஎக்ஸ்4250 வகை 20 முதல் 250 வரை அளக்கும். 1 பார் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்டியதும் நின்றுவிடும்.

இன்னொன்று. டர்போ இல்லாத எஞ்சினில் ஹோஸ் கழன்றால் சென்சார் முழு லோட் காட்டும், டைமிங் பின்னால் போகும், எஞ்சின் சோம்பும், அவ்வளவுதான். டர்போவில் ஹோஸ் கழன்றால் உள்ளே 180 இருக்கும்போது சென்சார் 100 என்று சொல்லும். அட்வான்ஸ் அப்படியே நிற்கும், பிஸ்டன் உடையும். இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள்.

கேள்வி: பிரேக் பூஸ்டர் ஹோஸில் டி போட்டு மேப்புக்கு எடுக்கலாமா?

கூடாது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் லோட் எண் மாறும். அந்த ஹோஸில் இருக்கும் ஒருவழி வால்வுக்கு அந்தப் பக்கம், அதாவது பூஸ்டர் பக்கம் எடுத்தால் பழைய அழுத்தத்தையே பிடித்துவைத்திருக்கும். தனி முனை போடுங்கள்.

கேள்வி: கார்புரேட்டரில் வேக்கம் அட்வான்ஸுக்கு இருக்கும் முனை?

பெரும்பாலும் அது பட்டர்ஃப்ளைக்கு மேலே இருக்கும். அப்படியென்றால் ஐடிலில் வேக்கமே வராது, மேப் முழு லோட் காட்டும். மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள்.

கேள்வி: எது பெஸ்ட், மேப்பா டிபிஎஸ்ஸா?

முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: தனி பட்டர்ஃப்ளைக்கு டிபிஎஸ் என்றதை ஏற்க மாட்டேன். டிபிஎஸ் லோடையே அளப்பதில்லை. நான்கு ரன்னரையும் சிறு குழாயால் ஒரு டப்பாவில் சேர்த்தால் மேப் அருமையாக வேலை செய்கிறது.

டிபிஎஸ் லோடை நேரடியாக அளப்பதில்லை என்பது உண்மை. ஆர்பிஎம்மோடு சேர்த்துப் பார்த்தால் லோடைத் தோராயமாகச் சொல்லும். உயரமான மலைக்குப் போனால் அந்தத் தோராயமும் பிசகும், மேப்பில் அந்தக் குறை கிடையாது. டப்பா வைத்தால் ஐடிலும் லேசான ஓட்டமும் நன்றாகப் படிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டப்பா துடிப்பைச் சமப்படுத்தும், பாதித் திறப்பிலேயே அழுத்தம் 95 கிலோபாஸ்கலுக்கு ஏறிவிடுவதை மாற்றாது.

அவரே மீண்டும்: 95-க்கு மேல் எப்படியும் முழு லோட்தானே? அங்கே டைமிங் ஒன்றாக இருந்தால் என்ன?

நல்ல வாதம். இக்னிஷனை மட்டும் பார்த்தால் சிலிண்டருக்குள் எவ்வளவு போகிறது என்பதுதான் கணக்கு, அதனால் சாலையில் ஓட்டும் மிதமான கேமுக்கு உங்கள் வழி செல்லும். ஓவர்லேப் அதிகமுள்ள பெரிய கேமில் ஐடிலே 70-இல் இருக்கும், அங்கிருந்து 95 வரை 25 கிலோபாஸ்கல்தான். முழு டேபிளும் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும், சென்சார் 3 ஆடினாலும் டைமிங் தாவும். டைமிங் லைட் பிடித்தால் புல்லிக் குறி ஓரிடத்தில் நிற்காமல் அலைவது கண்ணுக்கே தெரியும். அந்த எஞ்சினுக்கு நான் டிபிஎஸ்தான் சொல்வேன். இரண்டையும் கலந்து படிக்கும் கண்ட்ரோலர் இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம்.

கேள்வி: பழைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் த்ராட்டில் சுவிட்ச் கைவசம் இருக்கிறது. அது டிபிஎஸ்தானே?

மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். எண் சீராக ஏறினால் டிபிஎஸ். இரு கோடியில் மட்டும் டக்கென்று மாறினால் வெறும் சுவிட்ச், பயன்படாது. நடுவில் எங்காவது எண் குதித்தால் ட்ராக் தேய்ந்திருக்கிறது, போடாதீர்கள்.

கேள்வி: கார்புரேட்டர் ஜெட் என்ன சைஸ்?

எரிபொருள் பக்கம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: பட்ஜெட் குறைவு. எது நல்லது, மேப்பா...

முதல் பதில். கேஜ் மாட்டுங்கள்.

கேள்வி: டிபிஎஸ் வயர் அறுந்தால் என்ன ஆகும்?

இதை எல்லாரும் கேட்டிருக்க வேண்டும். சிக்னல் பூஜ்யத்துக்கு விழுந்தால் கண்ட்ரோலர் த்ராட்டில் மூடியிருப்பதாக நினைக்கும். நீங்கள் முழு லோடில் போகும்போது லேசான லோடின் அட்வான்ஸைக் கொடுக்கும். எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, சென்சார் கனெக்டரைக் கழற்றி, லேப்டாப்பில் லோட் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். 100-க்குப் போனால் சரி. 0-க்குப் போனால், சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்று போட்டு மேலே இழுத்துவையுங்கள். பிறகு மூடிய நிலை, முழுத் திறப்பு இரண்டையும் மறுபடி காலிபரேட் செய்யுங்கள்.