உதட்டில் புள்ளி, ஈறில் கறை: டெர்மாஸ்கோப் போதுமா?

கேள்வி: வயது 41. கீழுதட்டில் மிளகளவு பழுப்புப் புள்ளி, இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது. மேல் கடைவாய்ப் பல்லை ஒட்டி ஈறில் நீலங்கலந்த கறுப்புக் கறை ஒன்றும் இருப்பதாகப் பல் மருத்துவர் இப்போது சொல்கிறார். அந்தப் பல்லில் பழைய சில்வர் ஃபில்லிங் உண்டு. டெர்மாஸ்கோப்பில் பார்த்தால் போதுமா, பயாப்சி (சிறு துண்டு வெட்டியெடுத்துச் சோதிப்பது) எடுத்தே ஆகவேண்டுமா?

பதில்: உதட்டுக்குப் பெரும்பாலும் டெர்மாஸ்கோப் போதும். ஈறுக்கு முதலில் எக்ஸ்ரே. இரண்டையும் ஒரே கருவியால் முடித்துவிடப் பார்க்காதீர்கள்.

டெர்மாஸ்கோப் என்பது விளக்கோடு கூடிய கைக்கருவி. பொதுவாக 10 மடங்கு பெரிதாக்கும். எச்சில் வழியே தொற்று பரவாமலிருக்க அதன் முகப்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டில் ஜெல் தடவிப் பார்ப்போம். முதலில் பட்டும் படாமலும், அப்புறம் அழுத்தி. அழுத்தும்போது நிறம் வெளிறினால் அது நிறமிப் புள்ளியே இல்லை. விரிந்த இரத்தக்குழாயாக இருக்கும்.

நிறமியாக இருந்தால் அதன் அமைப்பைக் கவனிப்போம். பழுப்பு நிறம் மட்டும், அதில் இணைகோடுகளோ சிறு வளையங்களோ தெரிந்தால் பெரும்பாலும் சாதாரண மச்சவகைதான். நீலம், சாம்பல், வெள்ளை இவற்றில் ஒன்று தெரிந்து, கூடவே கோடோ வளையமோ இல்லாமல் திட்டாகத் தெரியும் பகுதியும் இருந்தால் பயாப்சி. 2011இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், சளிச்சவ்வுப் (வாய் போன்ற இடங்களின் ஈரமான உட்தோல்) புள்ளிகள் 140ஐ ஆராய்ந்தபோது இந்த விதிக்கு எந்த மெலனோமாவும் (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்) தப்பவில்லை. ஆனால் அதில் இருந்த மெலனோமாக்களே 11தான். அதனால் இந்த விதியை மட்டும் நம்பி நான் யாரையும் ‘இனி வரவே வேண்டாம்’ என்று அனுப்புவதில்லை. அளவுகோல் வைத்துப் படமெடுத்து, மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒப்பிடுவேன்.

ஈறு விஷயம் வேறு. ஃபில்லிங்கின் உலோகத் துகள் ஈறில் படிந்தாலும் டெர்மாஸ்கோப்பில் நீலச்சாம்பல் திட்டாகத்தான் தெரியும். அதாவது, ஒன்றும் செய்யாத கறையே ஆபத்தான முகத்தைக் காட்டும். எக்ஸ்ரேயில் கறை இருக்குமிடத்திலேயே வெள்ளைத் துகள் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. துகள் மிக நுண்ணியதாக இருந்தால் எக்ஸ்ரேயில் விழாது. அப்போது தயங்காமல் பயாப்சி எடுத்துவிடுங்கள். காரணம், வாயில் மெலனோமா அபூர்வம் என்றாலும் வருவது பெரும்பாலும் மேலண்ணத்திலும் மேல் ஈறிலும்தான். கருவி சரியாக எட்டாத இடமும் அதுதான்.

இருபுறமும் ஒரேபோல, சிறுவயதிலிருந்தே ஈறு கறுத்திருந்தால் அது வேறு கதை. நம் நிறத்தவர்களுக்கு அது இயல்பு. பற்பசை விளம்பரத்து ஈறோடு ஒப்பிடவேண்டாம். புகைப்பழக்கமும், குளோரோகுயின், மினோசைக்ளின் போன்ற மருந்துகளும்கூட வாயைக் கறுக்கவைக்கும்.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பயாப்சியால் அப்படி ஆகாது. மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டு எடுத்து, தேவைப்பட்டால் ஓரிரு தையல் போடுவார்கள். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும், பழைய பல் எக்ஸ்ரே இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அதற்குள் புள்ளி பெரிதானாலோ, தடித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கவேண்டாம்.